அறிகுறி அடங்கிய பிறகும் குடலில் புண் ஏன் ஆறாமல் இருக்கிறது?

கேள்வி: அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், கிரோன் நோய் போன்ற குடல் அழற்சி நோய்களில் மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே வலியும் ரத்தப்போக்கும் நின்றுவிடுகின்றன. ஆனால் கோலனோஸ்கோபி செய்தால் புண் இன்னும் இருக்கிறது என்கிறார்கள். குடல் புண் எப்படித்தான் ஆறுகிறது? எவ்வளவு காலம் பிடிக்கும்? எது தடுக்கிறது?

பதில்:

வலி அடங்குவது வேறு, புண் ஆறுவது வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி மருந்தைக் கைவிடுவதுதான் இந்த நோயில் அதிகம் நடக்கும் தவறு. 1990-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கிரோன் நோய் தீவிரமாக இருந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஏழு வாரத்துக்குள் 92 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கின. அப்படி அடங்கியவர்களில் கோலனோஸ்கோபியில் புண் ஆறியிருந்தது 29 சதவீதம் பேருக்குத்தான். ஸ்டீராய்டு வலியையும் வீக்கத்தையும் வேகமாகக் குறைக்கும். சிதைந்த திசுவைத் திரும்பக் கட்டுவது அதன் வேலை அல்ல.

முதலில், நல்ல குடலில் ஒரு சிறு காயம் எப்படி ஆறுகிறது என்று பார்க்கலாம். குடலின் உட்சுவரில் உணவையும் கோடானுகோடி பாக்டீரியாக்களையும் உடலிலிருந்து பிரித்து நிறுத்துவது ஒரே ஒரு செல் தடிமனுள்ள மேலடுக்கு. இந்த அடுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிறது. சுவரில் வரிசையாக உள்ள நுண்ணிய குழிகளின் அடியில், மற்ற செல்களை உருவாக்கும் மூலச் செல்களான ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அங்கே பிறக்கும் செல்கள் மேலேறி, முதிர்ந்து, உதிர்கின்றன. இந்த ஸ்டெம் செல்களை அடையாளம் காட்டும் எல்.ஜி.ஆர்-5 என்ற குறியீட்டுப் புரதம் 2007-இல் கண்டறியப்பட்ட பிறகுதான் குடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முறை விரிவாகப் புரிந்தது.

மேலடுக்கில் ஓர் இடம் உரிந்துபோனால் உடனே செல்கள் பெருகத் தொடங்குவதில்லை. வரிசையில் ஒருவர் விலகினால் பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்து நெருங்கி நிற்பதுபோல, காயத்தின் ஓரத்தில் உள்ள செல்கள் தட்டையாகி, கால் போன்ற நீட்சிகளை விட்டு ஊர்ந்துவந்து வெற்றிடத்தை மூடுகின்றன. இது நிமிடங்களில் தொடங்கி மணிக்கணக்கில் முடிந்துவிடும். டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம், சளியோடு சுரக்கும் டிரெஃபாயில் புரதங்கள், புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் ஆகியவை இந்த நகர்வைத் தூண்டுகின்றன. ஆனால் செல்கள் ஊர்ந்துவரக் கீழே அடித்தளச் சவ்வு சேதமில்லாமல் இருக்க வேண்டும்.

அடுத்ததாக, குழிகளின் அடியில் செல் பிரிவு வேகமெடுக்கிறது. இதற்குப் பல மணி நேரம் முதல் நாள்கணக்கு வரை ஆகும். கடைசியாகப் புதிய செல்கள் முதிர்கின்றன: சிலது சளி சுரக்கும் கோப்பைச் செல்லாகிறது, சிலது நீரையும் உப்பையும் உறிஞ்சும் செல்லாகிறது, செல்களுக்கிடையே உள்ள இறுக்கமான இணைப்புகள் மறுபடி அமைகின்றன. மேலே தோல் மூடிவிட்டதுபோல் தெரிந்தாலும் இந்த மூன்றாவது வேலை முடியும்வரை அந்த இடம் கசியும் சுவர்தான். பெருங்குடலில் சளிப்படலம் இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளடுக்கில் பாக்டீரியா ஏறக்குறைய நுழைவதே இல்லை. கோப்பைச் செல்கள் திரும்பி வராதவரை அந்த உள்ளடுக்கும் திரும்புவதில்லை.

குடல் அழற்சி நோயின் புண் இதைவிட ஆழமானது. குழிகளே அழிந்துபோயிருக்கும். அடியில் ஸ்டெம் செல்லே இல்லாத இடத்தில் புதிய செல் எங்கிருந்து வரும்? பக்கத்தில் தப்பிய குழிகள் நீண்டு இரண்டாகப் பிளந்து மெல்லப் பரவ வேண்டும். ஏற்கெனவே முதிர்ந்த சில செல்கள் பின்னோக்கிச் சென்று மறுபடி ஸ்டெம் செல்லாக மாறவும் வேண்டும். அதோடு அடியில் புதிய ரத்தக்குழாய்களும் இணைப்புத் திசுவும் முளைத்துப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். ஆழமான புண்ணுக்கு வாரங்கள் போதாமல் மாதங்கள் தேவைப்படுவது இதனால்தான்.

சரி, இது ஏன் நின்றுபோகிறது? காயம் பட்டதும் முதலில் வரும் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் உள்ளே நுழைந்த பாக்டீரியாவை அழிக்கின்றன. பிறகு மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் வந்து இறந்த செல்களை விழுங்கி, சண்டையை நிறுத்தி, சீரமைப்புக்கான சமிக்ஞைகளைத் தர வேண்டும். இந்த மாற்றம்தான் குடல் அழற்சி நோயில் நடப்பதில்லை. டி.என்.எஃப், இன்டர்ஃபெரான்-காமா போன்ற அழற்சிப் புரதங்கள் ஓயாமல் சுரந்து மேலடுக்குச் செல்களைச் சாகடிக்கின்றன, செல் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. நியூட்ரோபில்கள் கொட்டும் நொதிகள், செல்கள் ஊர்ந்துவர வேண்டிய அடித்தளத்தையே கரைக்கின்றன. தளர்ந்த சுவர் வழியாகப் பாக்டீரியா உள்ளே நுழைய, அழற்சி மேலும் கூடுகிறது. ஆகவே புண் ஆற்றும் முதல் மருந்து அழற்சியை அடக்கும் மருந்துதான். அதற்கு மாற்றாக ஓர் ஊட்டச்சத்தோ துணை மருந்தோ இல்லை.

பியூட்டிரேட் பற்றி இங்கே ஒரு வார்த்தை, ஏனென்றால் நார்ச்சத்து, புரோபயாடிக் விளம்பரங்களில் இது அடிக்கடி வருகிறது. நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் இந்தக் கொழுப்பமிலம் பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருள். அது உண்மை. ஆனால் அதே பியூட்டிரேட் ஸ்டெம் செல்களின் பிரிவைத் தடுக்கக்கூடியது என்று 2016-இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. சாதாரண நிலையில் மேலே இருக்கும் முதிர்ந்த செல்கள் அதை எரித்துத் தீர்த்துவிடுவதால் குழியின் அடிக்கு அது எட்டுவதில்லை. புண்ணில் அந்தக் காவல் இருக்காது. எனவே நோய் அடங்கியிருக்கும்போது நல்லதாக இருப்பது, திறந்த புண்ணிலும் நல்லதாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது. குடல் சுருங்கியவர்களுக்கு முரட்டு நார்ச்சத்து அடைப்பையும் உண்டாக்கலாம்.

இனி மருந்துகள். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி இடைவெளியில்லாமல் மேல்நோக்கிப் பரவும். பெரும்பாலும் உட்சவ்வோடு நிற்கும். இதனால் மருந்தை நேரே புண்ணின் மேல் வைக்க வழியுண்டு. மிதமான நோய்க்கு மெசலமைன் என்ற அழற்சி அடக்கும் மருந்தை ஒரு நாளைக்கு 2.4 முதல் 4.8 கிராம் வரை வாய்வழியாகக் கொடுப்பார்கள். மலக்குடலில் மட்டும் நோய் உள்ளவருக்கு மாத்திரை மட்டும் கொடுப்பது பலன் குறைவான வழி. 1 கிராம் சப்போசிட்டரி (ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரை) இரவில் வைப்பது மேலானது. சப்போசிட்டரி மலக்குடலுக்கு மட்டுமே எட்டும். நுரை மருந்து அதற்கு மேலே சிக்மாய்டு பகுதி வரையும், எனிமா (ஆசனவாய் வழியாகச் செலுத்தும் திரவ மருந்து) இடப்பக்கப் பெருங்குடலின் வளைவு வரையும் போகக்கூடும். மலம் கழித்த பிறகு, இடப்பக்கமாகப் படுத்து எனிமாவை எடுத்துக்கொண்டு, குறைந்தது அரை மணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும். இரவு முழுக்கத் தங்கினால் இன்னும் நல்லது. மலக்குடல் எரிச்சலால் எனிமா தங்கவில்லை என்றால் சில நாள் சப்போசிட்டரியால் அதை அமைதிப்படுத்திவிட்டுப் பிறகு எனிமாவுக்குப் போகலாம். நோய் இன்னும் மேலே பரவியவர்களுக்கும் மாத்திரையும் எனிமாவும் சேர்ந்து, மாத்திரை மட்டும் தருவதைவிட நன்றாக வேலை செய்கின்றன. கூச்சத்தால் இந்த வழியை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்; வருத்தமான விஷயம் இது.

ஸ்டீராய்டு என்பது பாலம் மட்டுமே. வழக்கமாக பிரெட்னிசொலோன் 40 மி.கி.-இல் தொடங்கி, வாரத்துக்கு 5 மி.கி. குறைத்து, எட்டு வாரத்தில் நிறுத்துவார்கள். தொடங்கி மூன்று மாதத்துக்குள் 10 மி.கி.-க்குக் கீழே இறக்க முடியாவிட்டாலும், நிறுத்திய மூன்று மாதத்துக்குள் நோய் திரும்பினாலும், ஸ்டீராய்டை நம்பி நிற்கும் நிலை வந்துவிட்டது என்று பொருள். அப்போது அடுத்த மருந்துக்கு மாற வேண்டுமே தவிர, மறுபடி மறுபடி ஸ்டீராய்டு சுற்று ஓட்டக்கூடாது. நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசதயோபிரின் கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி.; முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரமாவது ஆகும். தொடங்கும் முன் இந்த மருந்தை உடல் எப்படிக் கையாளும் என்று காட்டும் டி.பி.எம்.டி., என்.யு.டி.டி-15 சோதனைகளைச் செய்வது நல்லது. ஆசிய வம்சாவளியினரில் என்.யு.டி.டி-15 மரபணு மாற்றம் அதிகம். அது இருந்தால் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியலாம்.

உயிரியல் மருந்துகள் (உயிருள்ள செல்களில் தயாரித்து, அழற்சிச் சமிக்ஞைகளைத் தடுக்கும் ஊசி மருந்துகள்) வந்த பிறகுதான் புண் ஆறுவதை எட்டக்கூடிய இலக்காக வைக்க முடிந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் தொடக்கத்தில், இரண்டாவது வாரத்தில், ஆறாவது வாரத்தில், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. அடாலிமுமாப் 160 மி.கி., இரண்டு வாரம் கழித்து 80 மி.கி., பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. இவற்றுக்கு முன் மறைந்திருக்கும் காசநோயையும் ஹெபடைடிஸ்-பி தொற்றையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். நோய் மிகத் தீவிரமாக இருக்கும்போது வழக்கமான அளவு போதாமல் போவது உண்டு. கசியும் குடல் வழியாக மருந்தே மலத்தில் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களிடம் மருந்து சீக்கிரம் கழிந்தும் விடுகிறது. எனவே பலன் இல்லாதபோது, அடுத்த ஊசிக்குச் சற்று முன் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். தொடர் சிகிச்சையில் இன்ஃப்ளிக்ஸிமாப் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கும், அடாலிமுமாப் 7.5-க்கும் குறையாமல் இருப்பது வழக்கமான இலக்கு. அளவு குறைந்து, மருந்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதமும் இல்லையென்றால் மருந்தைக் கூட்டலாம். எதிர்ப்புரதம் அதிகமென்றால் வேறு மருந்து. அளவு சரியாக இருந்தும் புண் ஆறவில்லையென்றால் வேறு வகை மருந்து. வெடோலிஸுமாப் அழற்சிச் செல்கள் குடலுக்குள் நுழைவதை மட்டும் தடுப்பதால் மெதுவாகப் பலன் தரும்; ஆறாவது வாரத்திலேயே அதைக் கைவிடுவது அவசரம்.

குழந்தைகளின் கிரோன் நோய்க்கு இன்னொரு நல்ல வழி உண்டு: ஆறு முதல் எட்டு வாரம் வேறு உணவே இல்லாமல் திரவ ஊட்ட உணவு மட்டும். இது ஸ்டீராய்டைவிடப் புண்ணை நன்றாக ஆற்றுகிறது, வளர்ச்சியையும் கெடுப்பதில்லை. பெரியவர்களால் அவ்வளவு நாள் கடைப்பிடிக்க முடியாததுதான் சிக்கல்.

புண் ஆறியதா என்று அறிவது எப்படி? சிகிச்சை இலக்குகளை வகுத்து 2021-இல் வெளியான ஸ்ட்ரைடு-2 பரிந்துரைகளின்படி இடைக்கால இலக்கு, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இயல்பாவதும் மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதம் கிராமுக்கு 100 முதல் 250 மைக்ரோகிராமுக்குள் இறங்குவதும். நீண்டகால இலக்கு கோலனோஸ்கோபியில் புண் இல்லாமை: கோலைட்டிஸில் மேயோ எண் (கோலனோஸ்கோபியில் தெரியும் அழற்சிக்கான மதிப்பெண்) 0, கிரோன் நோயில் புண்ணே தென்படாத நிலை. சோதிக்கும் காலம் கோலைட்டிஸுக்குச் சிகிச்சை தொடங்கி 3 முதல் 6 மாதம், கிரோனுக்கு 6 முதல் 9 மாதம். இப்படி அளவுகளைப் பார்த்து மருந்தைக் கூட்டுவது பலனளிக்கிறது என்று 2017-இல் வெளியான கால்ம் ஆய்வு காட்டியது. அறிகுறியை மட்டும் பார்த்து மருத்துவம் செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கும், சி.ஆர்.பி.-யையும் கால்ப்ரோடெக்டினையும் சேர்த்துப் பார்த்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் 48 வாரத்தில் புண் ஆறியிருந்தது. கால்ப்ரோடெக்டினுக்குக் காலையின் முதல் மலத்தைக் கொடுங்கள். நாளுக்கு நாள் அளவு மாறும். வலி மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும். ஓர் உயர்ந்த எண்ணைப் பார்த்தே முடிவெடுக்காமல் மறுபடி பார்ப்பது நல்லது. கோலைட்டிஸில் கண்ணுக்குச் சவ்வு இயல்பாகத் தெரிந்தாலும் பயாப்ஸியில் (சிறு திசுத்துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) நியூட்ரோபில் மிச்சமிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். குழிகளின் வடிவம் கோணலாக நிற்பது மட்டும் பழைய காயத்தின் அடையாளம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆறாத புண்ணில் முதலில் தேட வேண்டியது வேறு காரணம். நோய் மீண்டும் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மலத்தில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் தொற்றைச் சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டுக்கு அடங்காத கோலைட்டிஸில் சைட்டோமெகாலோ வைரஸ் இருக்கலாம். அதற்கான பயாப்ஸியைப் புண்ணின் அடித்தளத்திலிருந்து எடுக்க வேண்டும், ஓரத்திலிருந்து எடுத்தால் தவறிவிடும். சிறுகுடல் முடிவில் உள்ள புண் கிரோன்தானா, குடல் காசநோயா என்பதும் மறுபடி யோசிக்க வேண்டியது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதால் முதல் கட்ட நகர்வே தடைபடுகிறது. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். புகைபிடிப்பது கிரோன் நோயை மோசமாக்குகிறது, அறுவைக்குப் பின் நோய் திரும்பும் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது.

உணவில் புரதத்தைக் கவனியுங்கள். நோய் தீவிரமாக இருக்கும்போது கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். அடங்கியபின் கிலோவுக்கு 1 கிராம் போதும். இரும்புச்சத்துக் குறைவில் பலர் தவறுவது உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எண்ணில்: அழற்சி இருக்கும்போது லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் குறைவு இருக்கலாம். இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அழற்சி உயர்த்துவதால் இரும்பு மாத்திரை உறிஞ்சப்படாது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தாலோ நோய் தீவிரமாக இருந்தாலோ இரும்பை நரம்புவழி ஏற்றுவதே சரி. சிறுகுடல் முடிவில் 20 செ.மீ.-க்கு மேல் வெட்டப்பட்டவர்களுக்கு பி-12 ஊசி தேவைப்படும்.

கிரோன் நோயில், புண் ஆறாமல் போவதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: ஆற்றும் வேலை அளவு மீறிப் போவது. இந்த நோய் சுவரின் முழுத் தடிமனையும் பிடிப்பதால், பழுது பார்க்க வந்த செல்கள் கொலாஜனைக் குவித்துக்கொண்டே போகின்றன. தசை தடிக்கிறது, குடல் சுருங்குகிறது. தழும்பைக் கரைக்கும் மருந்து எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. அழற்சியால் வந்த வீக்கம் மருந்துக்கு இளகும். தழும்பாகிவிட்ட சுருக்கம் இளகாது. ஏறக்குறைய 5 செ.மீ.-க்குள் உள்ள நேரான சுருக்கமானால் பலூனால் விரிக்கலாம். நீண்டதானாலும், மேற்பக்கக் குடல் பெரிதும் உப்பியிருந்தாலும், பக்கத்தில் ஃபிஸ்டுலாவோ சீழ்க்கட்டியோ இருந்தாலும் அறுவைதான். ஃபிஸ்டுலா என்பது ஆறாத புண் சுவரைத் துளைத்து உண்டாக்கிய பாதை. ஆசனவாய் ஃபிஸ்டுலாவில் முறை தவறக்கூடாது: முதலில் எம்.ஆர்.ஐ., சீழை வடித்தல், சீட்டன் நூல் (சீழ் தொடர்ந்து வடியப் பாதை வழியே விடும் நூல்), பிறகே உயிரியல் மருந்து. சீழ் உள்ளே இருக்கும்போது வெளித்துளையை மூடவிட்டால் மறுபடி கட்டியாகிவிடும். வெளித்துளை மூடிய பின்னும் உள்பாதை பல மாதம் திறந்தே இருக்கக்கூடும்.

குடலை வெட்டி இணைத்த இடத்தின் கணக்கும் தனி. தையலைத் தாங்குவது சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள கொலாஜன் அடுக்கு. முதல் சில நாள்களில் பழைய கொலாஜன் கரையும், புதியது சேர்ந்திருக்காது. இணைப்பு மிகவும் பலவீனமாக இருப்பது அப்போதுதான். பிரெட்னிசொலோன் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் ஆறு வாரத்துக்கு மேலாக எடுத்தவர், அல்புமின் லிட்டருக்கு 30 கிராமுக்குக் கீழே உள்ளவர், சமீபத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர் ஆகியோருக்குக் கசிவு அபாயம் அதிகம். அவசரம் இல்லையென்றால் ஸ்டீராய்டைக் குறைத்து, ஊட்டத்தைத் தேற்றிய பிறகு அறுவை செய்வது நல்லது. அவசரமென்றால் இணைக்காமல் தற்காலிகமாகக் குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்துவிடுவதே பாதுகாப்பு. கிரோனில் இணைத்த இடத்திலேயே புண் திரும்பும் என்பதால் 6 முதல் 12 மாதத்தில் ஒரு கோலனோஸ்கோபி கட்டாயம், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

புண் முழுக்க ஆறியபின் மருந்தை நிறுத்தலாமா என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்த கிரோன் நோயாளிகள் 115 பேருக்கு இன்ஃப்ளிக்ஸிமாபை நிறுத்திப் பார்த்த ஸ்டோரி ஆய்வில், அசதயோபிரின் போன்ற மருந்து தொடர்ந்தும், ஓராண்டுக்குள் ஏறக்குறைய 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு அதே மருந்து மறுபடி வேலை செய்தது. ஆகவே நிறுத்துவதாக இருந்தால் கோலனோஸ்கோபியில் புண் இல்லை, கால்ப்ரோடெக்டின் குறைவு, சி.ஆர்.பி. இயல்பு, இந்த மூன்றும் உறுதியான பிறகு மருத்துவரோடு பேசி நிறுத்தி, முதல் ஓராண்டு 2 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை கால்ப்ரோடெக்டின் பார்க்க வேண்டும். அறிகுறி திரும்பும் வரை காத்திருந்தால் புண் அதற்குள் ஆழமாகியிருக்கும்.